பாதி விரல் தடம்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் அலை ஏறாமலிருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், வலைக்கூடத்திலிருந்து முகத்துவாரம் வரைக்கும், ஆள் உயரத்துக்கு மேலே. கால் தரையில் படாமல், கடல் பக்கமாகவே, பல்லி மாதிரி பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டே இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குப் போய்விட வேண்டுமென்று எனக்கு ஒரு கிறுக்கு. போனில் எவனோ செய்ததைப் பார்த்துப் பிடித்தது. கை வழுக்காமலிருக்க சாக்பீஸை இடித்து, இறால் போடுகிற பறியில் கொட்டி இடுப்பில் கட்டிக்கொண்டேன். தாஸ் கல்லுக்கு மேலே நடந்தபடி வீடியோ எடுத்தான். அப்போது இரண்டு பேரும் ஒரே போட்டில்தான் கடலுக்குப் போவோம், சின்ன வயசிலிருந்து கூட்டாளி.

பட்டப்பகல். பாதி தூரம் நன்றாகத்தான் போனேன். அப்புறம் பார்த்தால், நான் கை வைக்கப்போகிற கல்லிலெல்லாம் எனக்கு முன்னாலேயே வெள்ளையாக ஒரு வலது கை பதிந்திருக்கிறது. அலை தெறித்துக் கல் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, பொடி மட்டும் காய்ந்தபடி இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், ஒவ்வொரு தடத்திலும் மோதிர விரல் பாதிதான்.

"டேய், காலைலயே வந்து வச்சிட்டுப் போனியா? பயங்காட்றியா?"

"இன்னாடா உளர்ற? எம் பொண்ணு மேல சத்தியமா நான் இந்தப் பக்கமே வர்ல."

நான் பொடி இடித்ததை அவனைத் தவிர யார் பார்த்தது? சாய்ந்த பெரிய கல் ஒன்றோடு தடம் நின்றுவிட்டது, அதற்கப்பால் ஒன்றுமில்லை. ஆத்திரத்தில் அங்கேயே மேலேறி அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். விரலெல்லாம் முழுசு. அப்போதும் என் பாழாய்ப்போன வாய் அடங்கவில்லை, அவன் பொண்ணையே இழுத்துப் பேசிவிட்டேன். அன்றோடு அவன் வேறு போட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த ஆடியில் இன்ஜின் பெல்ட்டில் என் வலது கை மாட்டியது. மோதிர விரல் பாதி போயிற்று.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு தாஸ் ஓடிவந்தான். கட்டுப் போட்ட கையை அவன் பார்த்த பார்வையில் நான் உடைந்து அழுதேன்.

"உடுறா. கை ஆறட்டும், அந்தக் கல்ல ஒருவாட்டி முழுசா முடிச்சிடலாம். நான் வீடியோ புட்ச்சிக்கறேன்."

பாசமாகத்தான் சொன்னான். போன ஞாயிற்றுக்கிழமைகூடக் கூப்பிட்டான். கூப்பிடும்போதெல்லாம், தெரிந்தேதான் கூப்பிடுகிறானோ என்று சந்தேகம் வருகிறது, வந்ததற்கு வெட்கமாகவும் இருக்கிறது. போனால் எங்கள் பழைய நட்பு திரும்பிவிடும், தெரியும். ஆனால் பாதி விரலோடு போன அந்தக் கை சாய்ந்த கல் வரைக்கும்தான் போயிருக்கிறது.