அரக்குப் புடவையும் பாதரச விளக்கும்

உலகச் சண்டை முடிந்த இரண்டு மூன்று வருஷங்களில், சாலைக் கடைத்தெருவின் பழைய இரும்புக் கடைகளுக்குப் புதுவிதமான சாமான்கள் வந்து இறங்கின. ராணுவம் கழித்துப்போட்டவை, உடைத்த கப்பல்களிலிருந்து எடுத்தவை, மூடிப்போன ஆலைகளின் கூரையிலிருந்து கழற்றியவை. எனக்கு அவற்றில் விளக்குகள் மேல்தான் கண். வெளியே பச்சையும் உள்ளே வெள்ளையுமாக எனாமல் பூசிய, அண்டா மூடி அளவுள்ள விளக்குக் குடைகள். பித்தளைக் கூண்டு போட்ட கப்பல் விளக்குகள். சாதாரண பல்பு எதுவும் பொருந்தாத பெரிய பீங்கான் ஹோல்டர்கள். வாங்கி வந்து, மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் தேய்த்து, வெடித்துப்போன ரப்பர் ஒயரை உருவிவிட்டுப் புதிது கோத்து, மறுபடி எரிய வைப்பேன். விற்பதற்கு அல்ல. எரிவதைப் பார்ப்பதற்கு.

கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். நான் ஒவ்வொரு குடையையும் தட்டிப் பார்ப்பதையும், எந்த ஊர், எந்த ஆலை, எப்போது கழற்றியது என்று கேட்பதையும் பார்த்துச் சிரிப்பார்.

"சாமி, பொண்ணு எடுக்க வந்தவுக மாதிரியில்லா விசாரிக்கீய! வெளக்குக்குக் கோத்திரமா இருக்கு?"

"திருட்டுச் சாமானா இருக்கப்படாது, அண்ணாச்சி."

"இருந்தா நான் சொல்லுவனா?"

அந்தப் பதில் எனக்கு ஒரு வாரத்துக்குச் சந்தேகப்படப் போதும். அரசாங்கக் கணக்குத் தணிக்கை ஆபீஸில் எனக்கு வேலை. பிறர் எழுதி வைத்ததை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வரும்போது அந்தக் குணத்தைச் சட்டையோடு சேர்த்து மாட்டிவைக்க ஆணி எதுவும் இல்லை.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், என் தங்கை. சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் ஒரு மாமா இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவிலேயே முதலில் ரேடியோ வாங்கியவர். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த வருஷம் எனக்கு ஒரு பாதரச விளக்கு கிடைத்தது. நீண்ட கண்ணாடிக் குழல், அதற்கு மின்சாரத்தை அளந்து விடத் தனியாக ஒரு கனத்த சோக். அது எரியத் தொடங்கியதும் மாமாவின் ரேடியோ இரையத் தொடங்கியது.

"டேய் அம்பி, கச்சேரி கேக்க விடமாட்டியா? பாட்டுக்கு நடுவுல வண்டு அறுக்கற மாதிரி ஒரு சத்தம். நீ உள்ள கம்பியில்லாத் தந்தி கிந்தி வச்சிருக்கியோன்னு எனக்கு ஒரு சம்சயமாக்கும்."

"விளக்குதான் மாமா."

"விளக்குக்கு என்னடா சத்தம்?"

சோக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் இரு வீட்டுக்கும் நடுவில் ஒரு கசப்பு.

இத்தனைக்கும், என் தங்கைக்கு வரன் கொண்டு வந்தவர் அந்த மாமாதான். ஐம்பத்திரண்டாம் வருஷம், பத்மநாபனைக் கடலுக்கு நீராட அழைத்துப்போகும் ஐப்பசி ஆராட்டுக்கு முந்தின வாரம். கொல்லம் கணக்கில் ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு, துலாம் மாசம். பிள்ளைக்கு ரயில்வேயில் உத்தியோகம், தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை. தாய் தகப்பன் இல்லை. அத்தைதான் வளர்த்தவள். அவள் சரி என்றால் சரி. பெண்ணைப் பார்க்கவென்றே திருநெல்வேலியிலிருந்து வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். தங்கைக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. அதற்கு முன் இரண்டு வரன் ஜாதகத்தோடு நின்றுபோயிருந்தன. பிள்ளையை அவள் ஒருமுறை கோவில் குளக்கரையில் பார்த்திருக்கிறாள். பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் அவளே வாய்விட்டுச் சொன்னாள். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

பெண் பார்க்க வருவது சாயங்காலம். காலையிலிருந்து மழை மூட்டம். எங்கள் கூடத்தில் பகலிலேயே அரை இருட்டு. நான் கூடத்து உத்தரத்தில் சங்கிலி போட்டுப் பாதரச விளக்கை மாட்டினேன்.

"அண்ணா, சாதா பல்பு போறாதா?" என்றாள் தங்கை.

"வரவா நன்னாப் பாக்கட்டும்."

அந்த விளக்கு போட்டவுடன் பிரகாசிக்காது. முதலில் மங்கலாக முனகும். ஐந்து நிமிஷம் போல ஆனபின்தான் முழு வெளிச்சத்துக்கு வரும். பிள்ளையும் அத்தையும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அத்தை எங்கள் வீட்டுச் சுவர், தூண், படங்கள் எல்லாவற்றையும் விலை கேட்பவள் போலப் பார்த்தாள். காபித் தட்டோடு தங்கை வந்து நின்றபோது விளக்கு உச்சத்தில் இருந்தது. நான் பின்பக்கம் நின்று சோக் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை காபியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தது மட்டும் கண்ணில் பட்டது. சீக்கிரமே எழுந்துவிட்டார்கள்.

ஆராட்டு கழிந்த மறுநாள் மாமா பதில் கொண்டுவந்தார். உட்காராமல், தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அவாளுக்கு வேண்டாமாம். பொண்ணுக்கு ஹிருதயத்துல ஏதோ கோளாறுன்னு அந்த மாமிக்குச் சம்சயம்."

அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "யார் சொன்னா அப்படி?"

"உதடெல்லாம் நீலம் பாரிச்சிருக்காம். அதுவும் போறாதுன்னு, நல்ல காரியத்துக்குக் கறுப்புப் புடவை கட்டிண்டு வந்து நின்னாளாம். நான் என்ன பண்ணட்டும்? கேட்டதைச் சொல்றேன்."

அம்மா அழ ஆரம்பித்தாள். நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் கணக்கு ஒன்று கூடிக்கொண்டு வந்தது.

நாற்பத்தொன்பதாம் வருஷ ஆராட்டுக் கூட்டத்தில், சங்குமுகம் போகும் வழியில் தங்கை மயங்கி விழுந்தாள். வெறும் வயிறு, வெயில், நெரிசல், அவ்வளவுதான். அன்று அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தவர் இந்த மாமா. எங்கள் வீட்டாரைத் தவிர அந்தச் சேதி தெரிந்தவர் அவர் ஒருவரே. அதே வருஷம்தான் ரேடியோச் சண்டை ஆரம்பித்தது. கடைசியாகப் புடவை. அவள் கட்டியிருந்தது அரக்குப் புடவை. அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்தது. அது கறுப்பு என்று சொல்வதற்குக் குருடாக இருக்க வேண்டும், அல்லது யாரோ இட்டுக்கட்டியிருக்க வேண்டும். ஆபீஸில் இப்படி மூன்று தடயங்கள் ஒரே பக்கம் கைகாட்டினால் நான் வேறொன்றும் கேட்கமாட்டேன்.

மாமா போனபின், இது அவர் வேலைதான் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"மாமாவே வரனைக் கொண்டுவந்து மாமாவே கலைப்பாரா?"

"ரேடியோக்குப் பழி வாங்கறார்."

"கலைக்கணும்னு நினைக்கறவர் பொய்யை இன்னும் ஒழுங்காச் சொல்லமாட்டாரா? அரக்கைப் போய்க் கறுப்புன்னு சொன்னா நீயே சிரிக்கமாட்டியா?"

"அதைத்தானே நானும் சொல்றேன். அதுலதான் மாட்டிண்டுட்டார்."

அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் அந்தப் புடவை. கூடத்து ஜன்னல்களைச் சாத்தினாள். "அன்னிக்கு மாதிரியே ஏத்து" என்றாள்.

விளக்கு முனகியது. சுவருக்கு அப்பால் ரேடியோவும் இரைந்தது. வெளிச்சம் ஏற ஏற, அவள் மடியில் கிடந்த புடவையின் சிவப்பு எங்கேயோ போய்விட்டது. ஜரிகை மட்டும் பச்சையாக மினுங்கியது. மற்றபடி கரியைத் தடவிய துணி.

நான் அண்ணாந்து விளக்கைப் பார்த்தேன். அதில் குறை ஒன்றும் இல்லை.

"மேல பாக்காதே அண்ணா. என்னைப் பாரு."

பார்த்தேன். நாவல்பழம் தின்றது போல உதடு. நெற்றியில் குங்குமம் இருந்த இடத்தில் மைப் பொட்டு. அவள் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"உனக்கும் அப்படித்தான். செத்தவன் எழுந்து உக்காந்தாப்பல இருக்கே."

பாதரச வெளிச்சத்தில் சிவப்பு கிடையாது என்று நான் படித்திருக்கிறேன். கொல்லைக் கொட்டிலில் வைத்து இரும்பையும் பித்தளையையும் அதன் கீழே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"அந்த மாமி பொய் சொல்லலை" என்றாள் தங்கை. "மாமாவும் சொல்லலை. ரெண்டு பேரும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கா."

நான் அப்போதே தம்பானூருக்குப் போய் விளக்கிச் சொல்கிறேன் என்று சட்டையை மாட்டினேன். அவள் தடுத்தாள். "நீ சொன்னா நம்புவாளா? விளக்கு மேல பழி போடறான்னுதான் நினைப்பா. அவளே வந்து பாக்கட்டும்."

மாமாவைக் கூப்பிட்டு விளக்கின் கீழே நிற்க வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தாள். அவர் உதட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேனே, இது வெறும் விளக்கில்லைன்னு!" என்றார். குரலில் மூன்று வருஷத்துச் சந்தோஷம்.

திருநெல்வேலி பஸ்ஸுக்கு முன்னால் பத்மநாபனைத் தரிசிக்க வந்த அத்தையை, ஒரு வாய் காபி என்று சொல்லி மாமாதான் அழைத்துவந்தார். அவள் வாசலிலேயே நின்றாள்.

"வேண்டாம்னு சொன்ன ஆத்துல எனக்கென்ன காபி?"

"பதில் சொன்னேள், சரி. காரணம் சொன்னேளே, அதுலதான் ஒரு சந்தேகம் மாமி" என்றாள் தங்கை. "ஒரு நிமிஷம் இந்தக் கண்ணாடியைப் பாத்துட்டுப் போங்கோ."

சந்தேகம் என்ற சொல்லுக்கு அத்தை உள்ளே வந்தாள். விளக்கு முன்பே முழுவீச்சில் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியை வாங்கிப் பார்த்தவள் அதைத் தூர நீட்டினாள், மறுபடி கிட்டே கொண்டுவந்தாள். அவள் நெற்றியில் எட்டணாக் காசு அகலத்துக்குக் குங்குமம். கண்ணாடியில் அது கன்னங்கரேல் என்று இருந்தது. கை தானாகத் தாலிக்குப் போயிற்று.

"என்னடிம்மா இது?"

"உங்களுக்கும் ஹிருதயத்துல கோளாறோ மாமி?"

"வாயை அலம்பு" என்றாள் அத்தை. ஆனால் ஓடவில்லை. கண்ணாடியோடு முற்றத்துக்குப் போய் வெயிலில் பார்த்தாள். உள்ளே வந்து பார்த்தாள். மறுபடி வெயிலுக்குப் போனாள். கண்ணாடியில் ஏதாவது பூசியிருக்கிறதா என்று புடவைத் தலைப்பால் துடைத்தாள். மாமாவை வெளிச்சத்தின் கீழே நிறுத்தினாள், நகர்த்தினாள், நிறுத்தினாள். பழைய பவுனை உரைத்துப் பார்க்கும் தட்டான்கூட அவ்வளவு முறை உரைக்கமாட்டான். நான் பாதரசத்தைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தேன்.

"நீ பேசாதே. எனக்குக் கண் இருக்கு."

பிறகு தங்கையை முற்றத்து வெயிலில் நிறுத்தினாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள், கண்ணிமையைக் கீழே இழுத்தாள். கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சொன்னாள். தங்கை இறைத்தாள். மச்சுக்கு ஏறி இறங்கச் சொன்னாள். ஏறி இறங்கினாள். அவள் மார்புக்கு நேரே காதைக் கொண்டுபோய், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள்.

"நீங்களும் ஒருதரம் ஏறி இறங்குங்கோளேன் மாமி" என்றாள் தங்கை. "நாங்களும் கேட்டுக்கறோம்."

மாமா இருமினார். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை அவளை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா வேறொன்றா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

"பொண்ணு நன்னாத்தான் இருக்கா" என்றாள் கடைசியில். பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னும் ஒரே ஒரு சம்சயம். பெண் பாக்க வர அன்னிக்கு ஊர்ல இல்லாத இந்த விளக்கை எதுக்கு மாட்டினான் இவன்? எதை மறைக்க?"

"மறைக்கறதுக்கில்லை மாமி. காட்டறதுக்கு" என்றாள் தங்கை. "பொண்ணை இல்லை, விளக்கை."

அத்தைக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது என்று சொல்ல முடியாது. பஸ்ஸைத் தவறவிட்டாள். அன்று இரவு எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டாள். சாதா பல்பின் கீழே இலை போடச் சொல்லி, அதையும் ஒருமுறை கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டாள். புறப்படும் முன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: கல்யாணத்தில் என் விளக்கு ஒன்றுகூட எரியக்கூடாது. அதைக் கவனிக்கும் பொறுப்பை மாமா தானே முன்வந்து ஏற்றுக்கொண்டார். நான் பந்தல் பக்கம் ஏணியோடு போனாலே எங்கிருந்தோ வந்து நிற்பார்.

அதற்குள் நான் ஒரு பெரிய குடைக்குள் நடுவே பாதரசக் குழலும் சுற்றிலும் சாதா பல்புகளுமாகப் பொருத்திப் பார்த்திருந்தேன். அந்தக் கலப்பில் குங்குமம் குங்குமமாகவே இருந்தது. தங்கை கீழே நின்று பார்த்து நன்றாயிருக்கிறது என்றாள். அத்தையிடம் சொல்லிப் பார்க்கவா என்று கேட்டதற்கு மட்டும், "அண்ணா, கல்யாணம் ஆயிடட்டும்" என்று கை கூப்பினாள். குடையைக் கொட்டிலில் வைத்துப் பூட்டினேன். சாவியை மாமா வாங்கிக்கொண்டார்.

தை மாதம் முகூர்த்தம். காலை வெயில் பந்தல் ஓலைகளுக்கு நடுவே நன்றாக விழுந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தபோது கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். அத்தை மட்டும் கையில் அட்சதையோடு அண்ணாந்து, பந்தலின் மூங்கில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.