டோலியில் வந்த இயக்குநர்

சென்னையில் பொறியியல் ஆலோசனை சொல்லும் கம்பெனி ஒன்றில் நான் ஆபரேஷன்ஸ் டைரக்டராக இருந்தேன். பதவியின் பெயர்தான் பெரிது. எந்த முகாமுக்கு யார் போவது, அரிசியும் கருவிகளும் எப்படிப் போய்ச் சேருவது, மழை வந்தால் வேலையை எப்போது நிறுத்துவது, இவைதான் என் தொழில். சர்வே சங்கிலி இழுப்பவனாகச் சேர்ந்து அந்த நாற்காலிக்கு வந்தவன் நான். உட்கார்ந்த கையோடு ஓர் உத்தரவு போட்டேன்: எங்கள் முகாம்களில் நடக்க முடியாத நோயாளியைத் தவிர வேறு யாரையும் ஆட்கள் தோளில் சுமக்கக் கூடாது. இளவயதில் ஓர் எஞ்சினியரை நான் அப்படிச் சுமந்திருக்கிறேன். மேலே உட்கார்ந்து அவர் துப்பிய வெற்றிலை எச்சில் என் முழங்கையில் வழிந்தது. அந்த ஆத்திரத்தில் பிறந்த உத்தரவு அது.

அறுபதுகளின் தொடக்கத்தில் கொல்லிமலையில் ஒரு ரோட்டுக்குத் தடம் பார்க்கும் வேலை வந்தது. மலைமேல் பைல் நாடு என்ற பகுதியில் முகாம் போட்டோம். அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறித்தான் வர வேண்டும். எங்கள் நிர்வாக இயக்குநர் இடத்தைப் பார்க்க வரப்போவதாகச் சொன்னபோது, "நடந்துதான் ஏறணும் சார்" என்று சென்னையிலேயே சொல்லியிருந்தேன். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்யா" என்றார்.

அவரை எதிர்கொள்ளப் பாதி மலை இறங்கிப் போனேன். தூறல். வளைவு திரும்பியதும் டோலி தெரிந்தது. மூங்கில் கம்புகளில் கட்டிய நாற்காலி, அதைச் சுமந்து மலைக்காரர்கள் நால்வர், மேலே குடை பிடித்தபடி எங்கள் இயக்குநர். நான் வாயைத் திறப்பதற்குள் முன்னால் சுமந்தவரின் பாதம் பாறை இடுக்கில் சிக்கிக் கணுக்கால் திருகிக்கொண்டது. அப்போதும் அவர் கம்பை விடவில்லை. மற்றவர்கள் சமாளித்து நாற்காலியை இறக்கிய பிறகுதான் சரிந்தார்.

"பார்த்துத் தூக்கத் தெரியாதா? என்னைத் தள்ளியிருப்பியே!" என்று இயக்குநர் கத்தினார்.

"பாறை வழுக்குதுங்க சாமி" என்றார் கீழே கிடந்தவர். முகம் வெளுத்திருந்தது.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "வேற ஆளைக் கூப்பிடுய்யா. மழையில எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறது?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "எழுந்திருங்க சார். இவரைக் கீழே கொண்டுபோகணும்."

"நான் யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். ரெண்டு காலும் நல்லா இருக்கிறவர்."

எழுந்தார். அடிபட்டவரை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் பிடித்த முனைக்கு நான் தோள் கொடுத்தேன். புளியஞ்சோலை வரை சுமந்து இறக்கி, அங்கே நின்ற கம்பெனி ஜீப்பில் துறையூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இயக்குநர் எப்படி இறங்கினார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சில மாதங்கள் கழித்துச் சென்னையில் கம்பெனியின் ஆண்டு விருந்து. இயக்குநர் பேசினார். கொல்லிமலையில் ஒரு கூலியாளுக்கு அடிபட்டதாம். தன் டோலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு இவர் கொட்டும் மழையில் நடந்தாராம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, "அப்படி நடக்கவில்லை. நான்தான் இவரை இறங்கச் சொன்னேன்" என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர் என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சர்வர்கள் சூப் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் கிடங்கை மட்டும் கவனித்தால் போதும், ஆட்கள் விஷயத்தில் தலையிட வேண்டாம் என்றார்கள். அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அன்று கதவை நான் அறைந்த அறையில் கைப்பிடி கழன்றுவிட்டது.

மலைக்குப் போய் அந்தக் கால் அடிபட்டவரைப் பார்த்தேன். கால் கோணலாகவே கூடியிருந்தது. மிளகு பறிக்க மரமேற முடியவில்லை. விருந்தில் நடந்ததைக் கொதிப்போடு சொன்னேன். "அந்தாளு என்னத்தையோ சொல்லிட்டுப் போறாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, நீங்க அங்க எந்திரிச்சுப் பேசுனா இவரு காலு நேராயிருமுங்களா? உங்க ரோட்டுக்குத்தானே போனாரு. கம்பெனியில இருந்து ஒருத்தராச்சும் எட்டிப் பாத்தாங்களா?"

இல்லை என்றேன். வயதானால் கோபம் தணியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தணியவில்லை. தணிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.