பெருமாளுக்குப் பின்னால் வைஃபை

சிங்கப்பூரில் இருந்த என் மகன் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான். "கால்ல லேசான சுளுக்குதாம்மா" என்றான். வீடியோ காலில் கூப்பிட்டால், எங்கள் கடலூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் திறந்தபடி நின்றுவிடும். அடிபட்ட காலை எங்கே பார்ப்பது?

ஜாஸ்தி தூரம் எட்டும் என்று இரண்டு ஆன்டெனா உள்ள புது ரூட்டர் வாங்கினோம். என் கணவர் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வயரை இழுத்துப் பூஜை அறையில் சாமி படங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் மிக்சிகூட அங்கிருந்துதான் வேலைக்குக் கிளம்பியது. ஹாலுக்கு ஒரு கோடு சிக்னல்கூட வரவில்லை.

என் தம்பி வந்து பார்த்தான். "ஏன் மாமா, பெருமாள் யாருக்கு மெயில் அனுப்பப் போறாரு? முன்னாடி அத்தனையும் தகடு போட்ட படம், சிக்னலை மறிக்குது. வெளிய எடுங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும் மச்சான்."

"அதுவரைக்கும் அக்கா தாங்கணுமே."

ஹாலில் வைத்ததும் படம் பளிச்சென்று வந்தது. மகன் சிரித்தான். தொடைவரை மாவுக்கட்டும், சுவரில் சாய்ந்திருந்த ஊன்றுகோலும் தெரிந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் கேமராவை மேலே திருப்பிவிட்டான். கூரையில் இருந்த பல்லி வால்வரை தெளிவாகத் தெரிந்தது.