முனகாத கட்டில்

பழைய சாமான் பார்க்க ஒரு வீட்டுக்குப் போனால் சண்முகவள்ளி முதலில் தரையில்தான் படுப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேசைக்கு அடியில் மல்லாந்து நுழைந்துவிடுவாள். வெளியே தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும்தான். வீட்டுக்காரர்கள் அந்தப் பாதங்களோடுதான் விலை பேச வேண்டும். உள்ளே செல்போன் டார்ச் அங்கும் இங்கும் ஓடும். "மேல பாத்தா எல்லாம் அழகுதேன். அடியில பாத்தாத்தேன் யாரு பெத்த பிள்ளைன்னு தெரியும்" என்று குரல் மட்டும் வரும்.

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகிற சாலையில், ஒரு பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் அவளுடைய தகரக் கொட்டகை இருக்கிறது. வயது நாற்பத்து நான்கு. பிறந்தது திருவாடானைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில். உளி பிடித்த பரம்பரை இல்லை. கணவன் சுரேஷ் குட்டியானை வண்டியில் பழைய இரும்பு எடுத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் திருப்பாலைக்குடியில் ஒரு வீட்டில் இரும்போடு சேர்த்து, விறகுக்கு ஆகும் என்று ஒரு மேசையையும் ஏற்றிவிட்டார்கள். வள்ளி கோடாலியை எடுத்தாள். முதல் வெட்டில் எழுந்த வாசனையை முகர்ந்தவள் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, புளியும் சாம்பலும் போட்டு அந்த மேசையைத் தேய்க்க ஆரம்பித்தாள். அது தேக்கு. அந்த வெட்டுக்காயத்தோடேயே மதுரைக்காரர் ஒருவர் அதை வாங்கிப்போனார். அன்றைக்குத் தேய்க்க ஆரம்பித்த கை இன்னும் நிற்கவில்லை.

அவளுக்கு வியாபாரம் தெரியாது என்று சுரேஷ் ஊரெல்லாம் சொல்வான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாங்கப் போகிற பொருளைக் குறை சொல்லி விலையை இறக்குவதுதான் உலக வழக்கம். இவளோ மேசைக்கு அடியில் கிடந்தபடி, "அடி ஆத்தி, என்னா மரம், என்னா மரம்" என்று உருகிவிடுவாள். வீட்டுக்காரர் அதைக் கேட்டதும் விலையை ஏற்றிவிடுவார். சுரேஷ் வெளியே நீட்டியிருக்கும் அவள் காலை மெல்ல மிதிப்பான். அவள் காலை இழுத்துக்கொள்வாளே தவிர வாயை இழுத்துக்கொள்ள மாட்டாள். நல்லா இருப்பதை நல்லா இருக்கிறது என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது என்று வண்டியில் திரும்பும்போது அவனையே கேட்பாள்.

விற்கும்போதும் இதே கதைதான். ராமேஸ்வரத்து ரிசார்ட்காரர்கள், இருநூறு வருஷப் பழசா என்று ஆசையாகக் கேட்பார்கள். "எம்பது இருக்கும். நான் என்ன பிரசவமா பாத்தேன்?" என்பாள். நாற்காலி கேட்டு வந்தவர்களை அரைமணி நேரம் அதிலேயே உட்காரவைப்பாள். இடுப்பு வலிக்கிறது என்று அவர்கள் சொன்னால் அந்த நாற்காலியை விற்க மாட்டாள். புது நாற்காலியைப் பழசாகக் காட்டிக் கொடுக்கச் சொல்லி ஒருவர் வந்தார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

இந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. மீன்பிடி வள்ளத்துக்கு அடித்த பெயிண்ட் டப்பாவில் மிச்சம் இருந்தால் அது வீட்டுக்குள் வந்துவிடும். கதவு, ஜன்னல், பெட்டி, தொட்டில் என்று எது அகப்பட்டாலும் ஒரு கை பூசிவிடுவார்கள். உப்புக்காற்றைத் தாங்கும் என்பது காரணம், அது பொய்யும் இல்லை. அதனால் நல்ல நல்ல மரமெல்லாம் நீலமும் பச்சையுமாகக் கிடக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அது மரமா தகரமா என்பதே தெரியாது. அதன்மேல் துணியைக் காயப்போட்டுவிட்டு, தேக்குக் கட்டில் தவணையில் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற ஊர் என்று வள்ளி சிரிப்பாள். அவளுடைய தொழிலே அந்த வெண்ணெயில்தான் நடக்கிறது.

சென்ற தை மாதம் கீழக்கரையிலிருந்து நஸீரா கூப்பிட்டனுப்பினாள். மகள் லாமியாவுக்குக் கல்யாணம். அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு, வீட்டோடு மாடி அறையில் கிடக்கும் கட்டிலும் பெண்ணுக்கு. நஸீராவின் உம்மா படுத்த கட்டில், பிறகு நஸீரா படுத்தது. நஸீராவின் வாப்பா தோணி வைத்திருந்தவர் என்பதால் கட்டில்மேல் ஏழு பூச்சு பெயிண்ட் ஏறியிருந்தது. பெயிண்டை எடுத்துவிட்டு மரமாகவே வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். நஸீராவுக்கு அரை மனசுதான். ஒரு கீறல் விழக் கூடாது, பதினெட்டு நாளில் திரும்பி வந்துவிட வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டாள். மூன்றாவதைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"இந்த அறைக்குக் கீழதான் கூடம். கல்யாணத்தன்னைக்கு அங்கன நாப்பது பொம்பளைக படுத்திருப்பாளுக, வள்ளி. கட்டில் ஒரு முனகு முனகுனா எம்மவ ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது."

வள்ளி கட்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. எந்த ஆசாரி செய்தானோ, ஆணி ஒன்றுகூட இல்லாமல் மரத்தை மரத்தால் பூட்டியிருந்தான். அப்படியே திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தாள்.

கீழக்கரைப் பெரிய வீடுகளிலிருந்து அவளுக்கு வந்த முதல் வேலை இது. அந்த ஊர் மாடிகளில் இன்னும் எத்தனையோ நீலக் கட்டில்கள் கிடக்கின்றன. இது நல்லபடியாக முடிந்தால் அந்தக் கதவுகள் திறக்கும். கெட்டால், ஒரு பெண்ணின் கல்யாணக் கட்டிலைக் கெடுத்தவள் என்ற பேர் அவளுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

கட்டிலைப் பிரிக்கும்போது வள்ளி வழக்கமாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. காலில் ஒரு வெட்டு, அதில் சேருகிற சட்டத்தில் ஒரு வெட்டு. அடுத்த மூட்டுக்கு இரண்டு, இரண்டு. இப்படி உளியால் சின்னதாக அடையாளம் போட்டுவிடுவாள். எந்தக் காலுக்கு எந்தச் சட்டம் என்று பிறகு குழம்பாது. இங்கே கீறல் கூடாது என்று சொல்லிவிட்டார்களே. அதனால் மார்க்கர் பேனாவை எடுத்து ஒன்றிலிருந்து எட்டு வரை அழகாக எழுதினாள். போட்டோவும் எடுத்துக்கொண்டாள். எண்களை எழுதியது பெயிண்டின் மேல். அந்தப் பெயிண்டைச் சுரண்டுவதற்குத்தான் கட்டிலே கொட்டகைக்கு வருகிறது என்பது அந்த நேரத்தில் அவளுக்கும் தோன்றவில்லை, சுரேஷுக்கும் தோன்றவில்லை.

அவளிடம் வேலை பார்க்கும் ஆசாரி பூமிநாதன். அறுபது வயது, பேச்சுக் குறைவு. இருவருமாக ஐந்து நாள் சுரண்டினார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் தேன் நிறத்தில் மரம் வெளியே வந்தது. வள்ளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒரு காலைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டாள். ஆறாம் நாள் பூமிநாதன் கட்டிலைப் பூட்ட உட்கார்ந்தார்.

"ஒண்ணாம் நம்பர்க் கால் எங்கன தாயி?"

வள்ளி நாலு கால்களையும் பார்த்தாள். நாலும் ஒரே கடைசலில் உருட்டியவை, கூடப்பிறந்தவர்களைப் போல ஒரே சாயலாக நின்றன. எண்களெல்லாம் மூலையில் ஒரு சாக்குக்குள் நீலச் சுருளாகக் கிடந்தன. போட்டோவில் இருந்தது நீலக் கால், எதிரே நின்றது மரக் கால். போட்டோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மிஷினில் அறுத்த மரமாக இருந்தால் எந்தக் காலிலும் எந்தச் சட்டமும் பொருந்தும். இது கையால் செதுக்கியது. ஒவ்வொரு துளைக்கும் அதற்கென்று அளந்து வெட்டிய நாக்கு சட்டத்தின் முனையில் இருக்கிறது. மாற்றிப் போட்டாலும் கட்டில் நின்றது, பார்க்கவும் குறையில்லை. உட்கார்ந்தால்தான் முனகியது. ஒரு பக்கம் சாய்ந்தால் கிறீச் என்றது, மறுபக்கம் சாய்ந்தால் அதைவிடப் பெரிதாகப் பதில் சொன்னது. நாலு நாள் மாற்றி மாற்றிப் பூட்டினார்கள். இருந்த முனகல் இடம் மாறியதே தவிரப் போகவில்லை.

உள்பக்கமாக இரும்புத் தகடு வைத்து ஸ்க்ரூ முறுக்கிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றான் சுரேஷ். அவன் அயோக்கியன் இல்லை. பெண்டாட்டி இரண்டு நாளாகச் சாப்பிடாததைப் பார்த்துவிட்டுச் சொன்னான். வள்ளி திட்டவில்லை. எட்டுத் தகடு வாங்கிவரச் சொன்னாள். வாங்கிவந்ததை அலமாரியில் வைத்துவிட்டு, கட்டில் சட்டத்தின்மேல் உட்கார்ந்து அழுதாள். பயம் ஒரு பக்கம், வெட்கம் அதைவிட அதிகம். பன்னிரண்டு வருஷத் தொழில்காரி, சிலேட்டில் எழுதி அழிக்கிற பிள்ளையைப் போலச் செய்திருக்கிறாளே.

அடுத்த நாள் காலையில் பூமிநாதன் தேன்மெழுகை உருக்கிக்கொண்டிருந்தார். தேக்கின் வைரத்தில், நடுவில் உள்ள கெட்டி மரத்தில், உளுப்பூச்சி ஏறாது. ஓரத்தில் விட்ட வெளிர் மரத்தில் எப்போதோ ஏறியிருந்தது. குண்டூசி முனை அளவுக்கு அங்கங்கே துளைகள். அவற்றை மெழுகால் அடைக்கச் சொன்னதே வள்ளிதான். அவர் முதல் சொட்டு விடப் போனபோது வள்ளி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கால்களில் மட்டும் இல்லை, சட்டத்தின் நாக்கிலும் துளை இருந்தது. நாக்கு காலுக்குள் மறைந்து கிடக்கிற பாகம். பூச்சி அதற்குள் எப்படிப் போகும்?

"அண்ணே, பூச்சி கட்டிலைப் பிரிச்சா தின்னுச்சு?" என்றாள்.

பூமிநாதனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் மெழுகுச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்கை உருவி மெல்லிசாகச் சீவினார். காலில் நுழைந்த பூச்சி நேராக நாக்குக்குள்ளும் போயிருக்க வேண்டும். சட்டத்தைக் காலில் பொருத்தி, காலில் உள்ள துளை வழியாக ஈர்க்கை விட்டுப் பார்த்தார்கள். தவறான சட்டம் என்றால் ஈர்க்கு முட்டிக்கொண்டு நின்றது. மதியத்துக்குள் ஒரு காலில் ஈர்க்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. சாயங்காலத்துக்குள் மூன்று மூட்டுகள் கிடைத்தன. மூன்று தெரிந்த பிறகு மீதி ஐந்தைத் தேடுவது கஷ்டமாக இல்லை. பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்துக் கண்டுபிடித்தவளைப் போல வள்ளி ஒவ்வொரு மூட்டையும் தடவித் தடவிப் பார்த்தாள். அன்று ராத்திரி மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். சுரேஷ் எண்ணவில்லை என்றுதான் சொல்கிறான்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், பிற்பகலில், கட்டில் கீழக்கரை மாடிக்கு ஏறியது. பூமிநாதன் மரக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டிப் பூட்டினார். லாமியா வாசலிலிருந்தே பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு பூச்சு போய், ஜன்னல் வெளிச்சத்தில் அது வேறு கட்டிலாக நின்றது. நஸீரா கட்டிலைச் சுற்றிவந்து, கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். நல்லபடியாக முடிந்துவிட்டது, கிளம்புவோம் என்று பூமிநாதன் கண்ணைக் காட்டினார். வள்ளி அசையவில்லை.

"லாத்தா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். அக்காவை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம்பரைப் பெயிண்டின் மேல் எழுதியதை, கால்கள் மாறிப்போனதை, நாலு நாள் முனகியதை, பூச்சித்துளையை, ஒன்று விடாமல் சொன்னாள். "இப்ப எட்டு மூட்டுலயும் உளியால வெட்டுப் போட்டுருக்கேன். உள்ள, நாக்குலயும் துளையிலயும். வெளிய தெரியாது. கீறக்கூடாதுன்னு சொன்னீக, ஆனா இனி பிரிக்கிறவுகளுக்கு வழி தெரியணும்ல. நான் ஆட்டிப் பாத்துட்டேன். நீங்களும் பாத்துருங்க. ஒரு சத்தம் கேட்டாலும் திரும்ப எடுத்துட்டுப் போறேன், காசு வேணாம்."

நஸீராவின் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு வந்து வாசலில் கூடியிருந்த பெண்களைக் கீழே கூடத்துக்குப் போகச் சொன்னாள். மேலே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றாள். லாமியாவையும் அனுப்பிவிட்டாள். பூமிநாதன் தாமாகவே கீழே இறங்கிப் போய்விட்டார். கதவு சாத்தப்பட்டது.

நஸீரா முக்காட்டை எடுத்துக் கதவில் மாட்டினாள். சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு, கட்டிலின் வெறும் பலகைமேல் ஏறி, நடுவில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். கனத்த உடம்பு. முதலில் இடப்பக்கமாகச் சாய்ந்தாள். பிறகு வலப்பக்கம். பிறகு இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, முன்னும் பின்னுமாக உடம்பு முழுவதையும் போட்டு உலுக்கினாள். கூந்தல் முடிச்சு அவிழ்ந்து முதுகில் விழுந்தது. வள்ளி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கீழேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "என்ன லாத்தா, இன்னும் ஏறலையா?"

நஸீரா உலுக்குவதை நிறுத்தினாள். அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சத்தம் வெளியே போகாமல் இருக்க ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுகையை நீட்டி, வள்ளியின் மணிக்கட்டைப் பிடித்து, அவளையும் கட்டில்மேல் இழுத்துக்கொண்டாள்.