கிளிங்கானில் என் அப்பா பெயர்

கிளிங்கான் என்பது விண்வெளிக் கதைகளுக்காக ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய மொழி. பாதிச் சொற்களைத் தொண்டையைச் செருமிக்கொண்டேதான் பேச வேண்டும். "ஒனக்கு வேற வேலையே இல்லையா?" என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. இல்லைதான், போங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் இணையக் குழுவில் அவரவர் மொழிச் சிலேடையைக் கிளிங்கானில் வாசிக்க வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது அப்பாவின் கடி ஜோக். ஆறு முட்டை வாங்கி வரச் சொன்னால், "ஆறு எதுக்கு, குளம் பத்தாதா?" என்பார். கிளிங்கானில் எண் ஆறு வேறு சொல், ஓடும் ஆறு வேறு சொல். கடி அங்கேயே செத்தது. ஆனால் அந்த எண்ணின் பெயர் கொச்சையில் கைதியையும் குறிக்கும். அதனால் என் கிளிங்கான் அப்பா, "எந்த ஜெயில்லேருந்து தப்பிச்ச முட்ட?" என்று கேட்பார்.

அப்பா என்றால் அம்மாவின் இரண்டாவது கணவர். சுங்கை ஊடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர். அம்மா இறந்த பிறகும் எனக்குச் சோறு வடித்தவர். பெற்றவர் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் மட்டும் நான் இன்னும் அவருடைய மகள்.

பெற்ற அந்த மனிதர் அன்று பார்த்து அலோர் காஜாவிலிருந்து ஆரஞ்சுப் பழத்தோடு வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் என் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

"கார்டுல என் பேருதான் வரணும். ஐ.சி.ல யாரு பேரு இருக்கு, பாருங்க லா," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "போட்டுக்கலாங்க. பெத்தவரு நீங்கதானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரை யார் விட்டுக்கொடுக்கச் சொன்னது? அங்கேயே கத்தியிருப்பேன், அழுகை முந்திக்கொண்டுவிடும் என்ற பயம். அறைக்குள் வந்து லேப்டாப் முன் நின்றேன். கதவைச் சாத்தவில்லை. என் முறை வந்துவிட்டது.

வாசிக்கும் முன் கிளிங்கான் முறைப்படி பெயர் சொல்ல வேண்டும் என்பது குழுவின் வழக்கம். தன் பெயர், யாருடைய மகள், எந்தக் குலம். ஐ.சி. எல்லாம் கேட்க மாட்டார்கள். ஆனால் அப்பா பெயரை எந்த மொழியில் சொன்னாலும் அது அப்பா பெயராகத்தான் கேட்கும். ஹாலில் பேச்சு நின்றிருந்தது.

சொன்னேன். உறுமலும் செருமலுமாக, அவர் பெயரை மட்டும் சுத்தமாக.

அப்பா பதறிப்போய் அறை வாசலில் வந்து நின்றார். "என்ன பாப்பா, என் பேரச் சொல்லித் திட்டுறியா?"

"நீ யாரு மகள்னு கேட்டாங்கப்பா. சொன்னேன். நாளைக்குக் கார்டுலயும் அதான் வரும்."

ஹாலுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லு பாப்பா," என்றார். "கொஞ்சம் சத்தமா."