பூஜைக்கு அணைத்த பெட்டி: ஒரகடத்தில் ஒரு நாள்

ஆயுத பூஜை முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரகடம் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. கார்பன் ஃபைபர் விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று அங்கே இருக்கிறது. இறக்கைக்குள் ஒட்டிய சென்சார்களின் பதிவுகளைப் படித்துச் சொல்வது என் பிழைப்பு. இதே வேலையாகப் போகிறவர்கள் வழி கேட்டதால் எழுதுகிறேன். மனசு சரியில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாம்பரம் மேற்கில் காலை 7.10க்கு வாலாஜாபாத் பஸ், முப்பது ரூபாய். படப்பை தாண்டும்வரை நின்றுகொண்டுதான் போனேன். கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டால்தானே! இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிஷம் ஆனது. இறங்கியதும் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

அலுமினியத்தில் அடிபட்டால் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் ஃபைபர் மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். அதைக் காட்டிக்கொடுக்கத்தான் சென்சாரும், அதன் பதிவுப் பெட்டியும். இங்கே என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? பூஜையன்று எந்தக் கருவியையும் வேலை வாங்கக் கூடாது என்று பெட்டியையும் அணைத்து, சந்தனம் குங்குமம் பூசி சாமி முன்னால் வைத்துவிட்டார்கள். ஒன்றரை நாள் பதிவே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் இடது இறக்கையின் அளவுகள் ஒத்துப்போகவில்லை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அப்டித்தான் மேடம் காட்டும். இறக்க நல்லாத்தான் கீது. வியாழக்கிழம பறக்கணும், கையெழுத்து போடுங்க" என்றார் சூப்பர்வைசர்.

டீ குடிக்க வெளியே வந்தபோது செல்வம் பின்னாலேயே வந்தார். நாற்பது வயதிருக்கும், தூத்துக்குடிப் பக்கம், பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறை, கான்ட்ராக்ட் ஆள்.

"எக்கா, தோரணம் கட்டும்போது ஏணி சரிஞ்சி எடது இறக்கை நடுவுல விழுந்துட்டு. நான்தான் கட்டுனேன். கீறல்கூட இல்ல, அதான் வாயத் தொறக்கல. அன்னைலேர்ந்து தூக்கமில்லக்கா. எம் பேரச் சொல்லிராதிய."

சொல்ல மாட்டேன் என்று சத்தியமே செய்தேன்.

உள்ளே போனேன். ஐந்து ரூபாய் நாணயத்தால் அவர் சொன்ன இடத்தில் தட்டினேன். சுற்றிலும் 'டிங்', அங்கே உள்ளங்கை அகலத்துக்கு 'டொக்': உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது. கையெழுத்துப் போட மாட்டேன், இது பறக்கக் கூடாது என்றேன்.

சூப்பர்வைசர் முகம் கறுத்துவிட்டது. "இம்மாம் பெரிய இறக்கையில கரெக்டா இங்க எப்டி மேடம் வந்தீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏணி விழுந்த இடத்தில் தட்டாமல் வேறெங்கே தட்டுவது?" என்று கத்திவிட்டேன். ஏணியில் ஏறித் தோரணம் கட்டியது யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

சாயங்காலம் 4.40க்கு பஸ் ஸ்டாப்பில் செல்வம் பையோடு நின்றார்.

"கேட் பாஸ வாங்கிட்டாவ, இனி வரவேண்டாமாம்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அந்த ப்ளேனு பறக்காதுல்லா?"

"பறக்காது."

"சரி. ஆனா இனி அங்க எவனும் வாயத் தொறக்க மாட்டான்க்கா."

என் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் பஸ் பிடித்துவிடுங்கள். அடையாள அட்டை இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. பூஜை நாள், லீவு நாள் எதுவானாலும் பெட்டியை அணைக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். யாராவது தானாக வந்து ஓர் இடத்தைச் சொன்னால், மூன்று மணி நேரம் ஆனாலும் இறக்கை முழுக்கத் தட்டிக்கொண்டே அந்த இடத்துக்கு வாருங்கள். நான் நேராக அங்கே போனேன்.