ஸ்பீக்கர் ஓரத்துத் தோல்

பழைய ஸ்பீக்கர் இரண்டை வாங்கி வந்த என் வீட்டுக்காரர், நடுக் கூம்பைச் சுற்றி இற்றுப்போயிருந்த ஓர ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த தோல் துண்டை ஒட்டினார். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

“நம்ம சின்ன ஆம்ப்ளிஃபையர் பத்தாது, பெருசு வாங்கணும்,” என்றார்.

தீபாவளி போனஸ் போச்சு என்ற எரிச்சலில் ஸ்பீக்கரின் நடுவே விரலால் அழுத்தினேன். அசையவே இல்லை. தோல் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குவதுதான் கம்பெனியில் என் வேலை.

“இன்னாங்க, இவ்ளோ தடி தோல ஒட்டினா அது எங்க அசையும்? அசைஞ்சாதான சத்தம் வரும்?”

மறுநாள் காகிதம்போல் சீவிய தோலைக் கொண்டுவந்து நானே ஒட்டினேன். ஆம்ப்ளிஃபையர் வால்யூமைப் பாதிகூடத் திருப்பவில்லை, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

“சவுண்டு ஜாஸ்தி, கம்மி பண்ணு,” என்றார், பெருசு கேட்ட அதே மனுஷன்.